தண்ணீர் புகாத மணிக்கூடு

நான் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன் என்று யார் ஊதிவிட்டார்களோ தெரியவில்லை, அன்றிலிருந்து என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. "அக்கா, இது எந்த வருசத்துச் சாமான்?" என்று மணிக்கூட்டுப் படங்களாக வந்து விழுகின்றன. கொழும்பிலிருந்து வருகின்றன, கனடாவிலிருந்தும் வருகின்றன. பழைய ஓட்டோமெற்றிக் மணிக்கூட்டைத் தேடிப் பிடித்துக் கட்டுவதுதான் இப்போது நாகரிகமாம். நல்லது, கட்டட்டும். ஆனால் அனுப்புவது எல்லாம் மணிக்கூட்டு முகத்தின் படம். ஒரு தம்பி மணிக்கூடு கட்டிய கையோடு கடலையும் மறைகிற சூரியனையும் சேர்த்துப் பிடித்து அனுப்பியிருந்தார். சூரியனின் வயதைக் கேட்கிறாரோ என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

முகத்தைப் பார்த்து வயது சொல்வது மனிதர்களிடமே சரிவராது. தலைக்கு மை பூசியவர்கள் எத்தனை பேர் திரிகிறார்கள். மணிக்கூட்டுக்கும் முகத்தை மாற்றுவார்கள், முள்ளை மாற்றுவார்கள், பழைய முகத்துக்குப் புது வர்ணம் அடிப்பார்கள். பின்மூடியைத் திறந்துதான் வயது பார்க்க வேண்டும். எப்படித் திறப்பது என்று கேட்கிறார்கள். திறப்பது லேசு. திறந்த பிறகு எப்படி இருப்பது என்பதுதான் தொழில், அதை ஒவ்வொருவருக்கும் தட்டச்சு செய்து என் விரல் தேய்கிறது. அதனால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன்.

திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் காதர் நானாவின் மணிக்கூடு திருத்தும் கடை இருக்கிறது. இப்போது நானாவின் மருமகன் நடத்துகிறார், என் காலத்தைவிட நன்றாகவே நடக்கிறது. நான் சல்லிக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி அங்கே போனது மணிக்கூட்டுப் பட்டி விற்க. பட்டி விற்றேன், பிறகு கண்ணாடி மாற்றினேன், பிறகு சக்கரங்களைப் பெற்றோலில் கழுவினேன். முதன்முதலாக ஒரு ஸ்பிரிங்கைத் தொட்ட அன்று அது தெறித்து எங்கோ ஓடிவிட்டது. நானா ஒரு வார்த்தை ஏசவில்லை. விளக்குமாற்றை எடுத்துத் தந்தார். கடை முழுவதும் கூட்டியும் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கொண்டையை அவிழ்த்தபோது மடியில் விழுந்தது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். "தலையில ஏறிட்டெண்டா தொழில் வந்திட்டு புள்ள" என்றார். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

நானா கிண்ணியாக்காரர். மெலிந்த உருவம், நீண்ட மூக்கு. மூக்கைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்மூடியைத் திறந்ததும் மற்றவர்கள் கண்ணில் லென்ஸை வைப்பார்கள், இவர் மூடியில் மூக்கை வைப்பார். மீன் வாடை என்றால் குச்சவெளிப் பக்கம், டீசல் என்றால் சீனன்குடா என்பார். ஒருமுறை ஏலக்காய் வாசம் வந்தது. "கலியாணப் பலகாரப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வெச்ச சாமான்" என்றார். மணிக்கூட்டின் சொந்தக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவருடைய கடையில் ஒரு சட்டம் இருந்தது. மூடி திறந்திருக்கும் நேரத்தில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. "மூடி திறந்தா வாய மூட வேணும்" என்பார். பேசினால் எச்சில் தெறிக்கும், எச்சில் பட்ட இடம் துருப்பிடிக்கும் என்பது அவர் சொல்லும் காரணம். எங்கள் ஊர்ச் சனம் மணிக்கூட்டோடு குடும்பக் கதையையும் தூக்கிக்கொண்டு வரும் என்பது நான் கண்டுபிடித்த காரணம். பேச வேண்டி வந்தால் நானா ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து மெசினின் மேல் கவிழ்ப்பார். கிண்ணம் கவிழ்ந்தால் கதைக்கலாம், கிண்ணம் எழும்பினால் எல்லோரும் கப்சிப். துறைமுகத்துப் பெரிய அதிகாரிகளும் சந்தையில் மீன் விற்கும் பெண்களும் அந்தக் கிண்ணத்துக்கு ஒரே மாதிரிப் பயந்தார்கள்.

இன்னொன்றும் சொல்வார். "மணிக்கூட்டுட வயசச் சொல்லு. அது எங்க கிடந்த, யாருட கையில கிடந்த எண்டு சொல்லாத. அது நம்மட வேல இல்ல." குச்சவெளியிலிருந்து ஒருவர் வந்து, தன் மணிக்கூட்டுக்கு நாலாவதாக ஒரு முள் முளைத்திருக்கிறது, அது சில நேரம் பின்னுக்கும் ஓடுகிறது என்றார். கண்ணாடிக்குள்ளே ஒரு சிற்றெறும்பு சுற்றிக்கொண்டிருந்தது. மணிக்கூட்டைச் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தவர் யார் என்று அவருடைய மனைவி கேட்டார். நானா வயதை மட்டும் சொன்னார்.

இனி வயது பார்க்கிற விதத்துக்கு வருகிறேன். எங்கள் துறைமுகத்துக்குக் கப்பல்காரர்கள் கையில் அதிகம் வந்தது ஒரு ஜப்பான் ஓட்டோமெற்றிக். கையை ஆட்டினால் உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று சுழன்று தானே முறுக்கிக்கொள்ளும். அதன் பின்மூடியில் நீளமாக ஓர் எண் இருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது இலக்கம் மாதம். எட்டு என்று தொடங்கினால் அறுபத்தெட்டாகவும் இருக்கலாம், எழுபத்தெட்டாகவும் இருக்கலாம். பிறந்த மாதத்தைச் சொல்லிவிட்டுப் பத்து வயதை மறைக்கிற சாமான் அது. அதற்குத்தான் உள்ளே போக வேண்டும். மெசினில் நாலு இலக்க எண் ஒன்று வெட்டியிருக்கும், மூடி மாறாத சாமான் என்றால் மூடியிலும் அதே நாலு இலக்கம் இருக்கும். எந்த எண் எந்தக் காலத்தில் வந்தது என்பது நானாவுக்கு மனப்பாடம், பிறகு எனக்கும்.

பின்மூடியின் எழுத்தும் ஒரு சாட்சி. பழைய மூடிகளில் 'தண்ணீர் புகாது' என்று ஆங்கிலத்தில் அடித்துச் சொல்லியிருப்பார்கள். பிறகு வந்தவற்றில் 'தண்ணீரைத் தாங்கும்' என்று பணிவாக எழுதியிருக்கும். "கடல் ரெண்டு தரம் சிரிச்சிரிக்கும், அவனும் எழுத்த மாத்திட்டான்" என்பது நானாவின் விளக்கம்.

இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தேவைப்பட்டது பாக்கியம் அக்காவின் மணிக்கூட்டுக்கு.

பாக்கியம் அக்கா எங்கள் சல்லிதான். கணவர் தங்கராசா அண்ணை தோணி கட்டுகிற ஓடாவி. அக்காவின் தமையன் இராசையா அண்ணை துறைமுகத்துக் களஞ்சியத்தில் வேலை செய்தவர். தங்கச்சியின் கலியாணத்தன்று அவர் மாப்பிள்ளையின் கையில் ஒரு மணிக்கூடு கட்டினார். நீல முகம், நுனி சிவந்த வினாடி முள், கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கியது. கட்டியது மட்டுமில்லை, அதைத் திருப்பிக் காட்டி, "இதுக்குள்ளை தண்ணி புகாது, இங்கிலீசிலை எழுதிக் கிடக்கு" என்று பந்தலுக்கே கேட்கச் சொன்னார். மச்சான் சொன்னால் சரி என்று தங்கராசா அண்ணை அதைக் கழற்றாமலே கடலில் இறங்கத் தொடங்கினார். கொஞ்சக் காலத்தில், புதுத் தோணி ஒன்றை இறக்கும்போது பட்டி அறுந்தது. மணிக்கூட்டுக்குள் தண்ணீர் புகவில்லை, மணிக்கூடுதான் தண்ணீருக்குள் புகுந்துவிட்டது.

இராசையா அண்ணை நம்பவில்லை. "கடலுக்குள்ளை போகேல்லை. கள்ளுக் கொட்டிலுக்குள்ளை போயிருக்கும்" என்றார். தங்கராசா அண்ணை எப்போதாவது கள்ளுக் குடிக்கிறவர், அதுதான் சிக்கலாகிவிட்டது. மணிக்கூட்டை விற்றுக் குடித்தவன் என்ற பெயர் ஊரில் நின்றது. அன்றைக்கு விட்ட பேச்சுத்தான். தமையன் அடுத்த ஒழுங்கையில் இருந்தும் தங்கச்சி வீட்டுப் படலையைத் தாண்டவில்லை. தங்கச்சிதான் அங்கே போய்வருவார். தங்கராசா அண்ணையின் பெயரையே இராசையா அண்ணை வாயில் எடுப்பதில்லை, 'அந்தாள்' என்பார். அந்தாளும் இவரை வீதியில் கண்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார்.

இப்படியே பிள்ளைகள் வளர்ந்து, கடைசி மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகிவிட்டது. தாய்மாமன் இல்லாமல் பந்தலில் எப்படிப் பெண்ணை இருத்துவது என்று பாக்கியம் அக்கா சாப்பாடு இல்லாமல் திரிந்தார். அந்த நேரம் பார்த்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய ரேடியோவும் பழைய இஸ்திரிக்கைப் பெட்டியும் பரப்பி விற்கிறவனிடம், நீல முகமும் சிவந்த நுனி முள்ளுமாக ஒரு மணிக்கூட்டைக் கண்டார். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு நேரே கடைக்கு வந்தார்.

"நானா, இது கடலுக்குள்ளை கிடந்ததோ, காய்ஞ்ச இடத்திலை கிடந்ததோ. அதை மட்டும் சொல்லுங்கோ."

நானா வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கு வாங்க புள்ள."

"ஏலாது. ரெண்டு பேரையும் வரச் சொல்லிப்போட்டன். இண்டைக்கு எனக்கு ஒண்டு தெரிய வேணும். அண்ணை பொய்யனோ, என்ரை மனிசன் பொய்யனோ."

நானா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் ஒரு குடும்பம் உடையும் என்பது இருவருக்கும் விளங்கியது. கடலில் கிடந்த மணிக்கூடு இப்படி மினுங்காது. அப்படியென்றால் தங்கராசா அண்ணை விற்றவர்தான். கலியாணப் பந்தலில் தாய்மாமனும் இருக்க மாட்டார், தகப்பனுக்கும் மரியாதை இருக்காது.

இருவரும் வந்துவிட்டார்கள், ஒருவர் முன்வாசலால், மற்றவர் பக்கவாசலால். இராசையா அண்ணை மேசையிலிருந்த மணிக்கூட்டைக் கண்டதும் கதிரையில் இருக்கவும் இல்லை.

"இதுதான். என்ரை கையாலை கட்டினது. கடல் திருப்பித் தந்ததோ? பட்டியும் புதுசாப் போட்டுத் தந்திருக்கு."

"நான் விக்கேல்லை. அது கடலோடை போனது."

"அப்ப இது நீந்தி வந்ததோ?"

"ரெண்டு பேரும் நிப்பாட்டுங்கோ" என்று பாக்கியம் அக்கா தொடங்க, மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வீதியில் போனவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். நானா குரலை உயர்த்தவே இல்லை.

"திற புள்ள" என்றார்.

சட்டம் ஊருக்கே தெரியும். மூன்று வாயும் மூடிக்கொண்டன.

நான் மணிக்கூட்டைப் பிடிகட்டையில் இறுக்கினேன். திறக்கும் சாவியைப் பின்மூடியின் பள்ளங்களில் வைத்துத் திருப்பினேன், அசையவில்லை. மூடிக்கும் உடலுக்கும் இடையில் சுற்றிவரக் கபில நிறத்தில் ஏதோ கல்லாக இறுகிக் கிடந்தது. அழுக்கும் இல்லை, கிறீசும் இல்லை. நானா வாங்கி, கூர் தீட்டிய ஈர்க்குச்சியால் பொறுமையாகச் சுரண்டினார். சுரண்டியதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என் மூக்கருகே நீட்டினார்.

சல்லிக் கரையில் பிறந்தவளுக்கு அந்த வாசம் தெரியாமல் போகுமா. குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சித் தோணியின் பலகை இடுக்குகளுக்குப் பூசுவார்களே, அது. மணிக்கூட்டுக்கு அதைப் பூசுகிற யோசனை உலகத்தில் ஓர் ஓடாவிக்குத்தான் வரும். நான் தங்கராசா அண்ணையின் கையைப் பார்த்தேன். நகக்கண் எல்லாம் அதே கபிலம். இந்த மணிக்கூடு அவர் கையில் இருந்திருக்கிறது.

நானா முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மூடியைத் திறந்தார். உள்ளே துரு இல்லை, உப்புப் பூத்த அடையாளம் இல்லை, துடைத்து வைத்தது போலிருந்தது. மெசினின் எண்ணை லென்ஸால் பார்த்து என்னையும் பார்க்கச் சொன்னார். மூடியின் எண்ணைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து மெசினின் மேல் கவிழ்த்தார்.

"உங்கட தங்கச்சிட கலியாணம் எப்ப?" என்று இராசையா அண்ணையைக் கேட்டார்.

"சூறாவளிக்கு முந்தி. எழுபத்தைஞ்சு."

"இது எழுபத்தெட்டிலதான் செஞ்சிருக்கு. எண் எட்டில தொடங்குது. அறுபத்தெட்டா இருக்க ஏலா, இந்த மெசின் அப்ப பிறக்கல்ல. நீங்க குடுத்தது வேற, இது வேற."

பாக்கியம் அக்கா கதிரையில் தொப்பென்று இருந்தார். இராசையா அண்ணை விடவில்லை. "மூடியை மாத்தியிருக்கலாம். நீங்கள் மாத்துறனீங்கள்தானே."

"மாத்துவம். ஆனா மூடியிலயும் மெசினிலயும் ஒரே நாலு இலக்க எண்தான் இரிக்கி. எழுத்தயும் பாருங்க. உங்கட மூடியில என்ன எழுதியிருந்த?"

இராசையா அண்ணை சொல்லத் தயங்கினார். பந்தலுக்கே கேட்கச் சொன்னவர் அல்லவா. "தண்ணி புகாது எண்டு."

"இதில தாங்கும் எண்டுதான் இரிக்கி."

நானா தன் கடமையை முடித்துவிட்டார். வயதைச் சொன்னார், மற்றதைச் சொல்லவில்லை. தங்கராசா அண்ணை தப்பிவிட்டார் என்றுதான் நானும் மூச்சு விட்டேன். நானா கிண்ணத்தை எடுத்துவிட்டு, எண்ணெய் விடுவதற்கு ஊசியை எடுத்தார். கடை அடங்கியது.

அப்போதுதான் இராசையா அண்ணை மேசையிலிருந்த பின்மூடியைக் கையில் எடுத்தார். களஞ்சியத்தில் காலம் முழுவதும் சாமான்களை மோந்து பார்த்த மனிதர். மூக்கருகே கொண்டுபோனார். அவருடைய புருவம் ஏறியது. ஒரு வார்த்தை பேசாமல், சட்டத்தை மீறாமல், கையை நீட்டி அந்த மூடியைத் தங்கராசா அண்ணையின் மூக்குக்கு நேரே பிடித்தார். பிடித்தபடியே நின்றார். பாக்கியம் அக்காவும் எழுந்து வந்து மோந்து பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கண்டிருக்கக் கூடாது, அவ்வளவு பாவமாக இருந்தது.

மூடி திறந்திருக்கும்போது அந்தக் கடையில் வாய் திறந்த ஒரே ஆள் தங்கராசா அண்ணை.

"அது கடலோடைதான் போனது" என்றார். "ஆர் நம்பினவை? வித்துக் குடிச்சவன் எண்டு ஊரெல்லாம் கதை. அதே மாதிரி ஒண்டைக் கன வருசமாத் தேடினனான். கப்பலிலை வந்த ஒருத்தனிட்டைக் கிடைச்சுது. இந்தா பாருங்கோ, நான் விக்கேல்லை எண்டு காட்டத்தான் வாங்கினனான். இதையும் கடல் கொண்டு போகக் கூடாதெண்டு குங்கிலியம் பூசினனான். மச்சான் வீட்டுப் படலை வரைக்கும் போவன். கூப்பிட வாய் வராது. திரும்பி வந்திடுவன்."

நானா ஊசியைக் கீழே வைத்தார். ஏசவில்லை.

"பிறகு கலவரம் வந்துது. கடலுக்குப் போகவும் விடமாட்டினம், தோணி கட்டுவிக்கவும் ஆளில்லை. கடைசியவள் கைப்பிள்ளை. பால்மா இல்லாமல் கத்தினவள். அண்டைக்குத்தான் வித்தனான். விக்கேல்லை எண்டு காட்ட வாங்கினதை நானே வித்தனான். இதைப் போய் ஆருக்குச் சொல்லுறது?"

பாக்கியம் அக்காவின் வாய் திறந்து மூடியது. இராசையா அண்ணையின் வாயும் திறந்து மூடியது. ஆனால் மூடி இன்னும் திறந்துதான் இருந்தது. அந்தச் சட்டம் மட்டும் இல்லாவிட்டால் இராசையா அண்ணை பழக்க தோஷத்தில் ஏதாவது சொல்லி எரிந்து விழுந்திருப்பார். பேச முடியாமல் நின்றதால் யோசிக்க வேண்டி வந்துவிட்டது. நானா அவசரப்படவே இல்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டார், இன்னொரு சொட்டு விட்டார். இரண்டாவது சொட்டு தேவையே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"மூடு புள்ள" என்றார் கடைசியில்.

மூடினேன். முதலில் பேசியது பாக்கியம் அக்கா.

"அந்தப் பால்மா நிவாரணத்திலை தந்தது எண்டெல்லோ சொன்னனீங்கள்."

"ஓம். சொன்னனான்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். இராசையா அண்ணை மணிக்கூட்டைக் கையில் எடுத்து மெல்ல ஆட்டினார். சிவந்த முள் நடக்கத் தொடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மச்சான், அந்தப் பால்மாக் குடிச்சவளுக்கோ இப்ப கலியாணம்?"

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு 'அந்தாள்' மச்சானாகியிருந்தார். தங்கராசா அண்ணை தலையை ஆட்டினார்.

"பாக்கியம், தாய்மாமனுக்கு வேட்டி எடுத்தாச்சோ, இல்லையெண்டால் நானே எடுக்கிறதோ?"

அவர்கள் போன பிறகு நானாவைக் கேட்டேன். "மூடி திறந்து கிடக்கேக்கை அவர் கதைச்சார், நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே."

"அது எச்சி தெறிக்கிற கதையில்ல புள்ள" என்றார்.

கலியாணத்துக்கு நானாவும் நானும் போயிருந்தோம். மணிக்கூட்டுக்குப் புது றப்பர் வளையம் போட்டுக் கொடுத்திருந்தேன். இராசையா அண்ணை வற்புறுத்தியதால் அதற்கு மேலே குங்கிலியமும் பூசியிருந்தது. பந்தலில் எல்லோரும் பார்க்க அவர் அதைத் தங்கராசா அண்ணையின் கையில் கட்டினார். பெண்ணின் தகப்பனுக்குப் பெருமை பிடிபடவில்லை, யார் நேரம் கேட்டாலும் கையை மடித்து மடித்துப் பார்த்துச் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

தாரை வார்க்கிற நேரம் வந்தது. தகப்பன் கையில் மகளின் கையை வைத்து, ஐயர் செம்பைச் சரித்துத் தண்ணீர் ஊற்றப் போனார்.

"ஐயா, ஒருக்காப் பொறுங்கோ" என்று ஒரு சத்தம்.

பக்கத்தில் நின்ற இராசையா அண்ணை குனிந்து, மச்சானின் மணிக்கட்டிலிருந்து மணிக்கூட்டை அவிழ்த்தார். "தண்ணி புகாதெண்டு ஒருக்காச் சொல்லிப் பட்டது போதும்" என்றார். பந்தல் சிரித்தது. தங்கராசா அண்ணைக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன, ஐயர் வார்த்த தண்ணீரோடு அதுவும் சேர்ந்து போயிற்று. தாலி கட்டி முடியும் வரை இராசையா அண்ணை மணிக்கூட்டை வைத்திருந்த கையை இலேசாக ஆட்டிக்கொண்டே நின்றார், அது நின்றுவிடக் கூடாது என்று.